அக்கரை எழுத்து

கத்தியின் முனை லேபிளுக்கு அடியில் அரை விரல் அளவு நுழைந்து நிற்கிறது. இழுக்கவில்லை. இடது கைக் கட்டைவிரல் பாட்டிலை மெல்லச் சுழற்ற, ஈரக் காகிதம் தானாகவே பசையை விட்டு எழும்பி வருகிறது. அவசரப்பட்டால் கிழியும், கிழிந்தால் எழுத்து போய்விடும். உப்பு ஊறிய காகிதத்தைக் கால் மணி நேரம் நல்ல தண்ணீரில் போட்டு வைத்த பிறகுதான் கத்தி கிட்டே போகும். உரித்ததைப் பழைய துணியின் மேல் குப்புறப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுகிறது கை. நகக்கண்களில் கரி. உள்ளங்கைக்குக் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு. பாட்டில் ஒரு சாக்குக்குப் போகிறது, மூடி இன்னொரு சாக்குக்கு. லேபிள் மட்டும் எந்தச் சாக்குக்கும் போவதில்லை.

“வெயிலு நேராப் படக்கூடாது. சுருட்டிக்கிரும்” என்று சொல்லிக்கொண்டே கை துணியை நிழலுக்கு நகர்த்துகிறது.

மெஹருன்னிசாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. மண்டபத்தில் ரயில் பாதைக்குத் தெற்கே, தகரக் கூரை போட்ட கொட்டகையில் காயலான் கடை நடத்துகிறார். கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக் கொண்டுவந்து போடும் பெண்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். வாடைக் காற்றில் வடகடல் ஓரம் பொறுக்குவார்கள். மற்ற மாதங்களில் தென்கடல் ஓரம். வந்ததைத் தரம் பிரிப்பது மெஹருன்னிசா ஒருவர்தான். கையில் எடுத்து ஒரு நசுக்கு நசுக்கி, காதுக்குக் கேட்கும் சத்தத்தை வைத்தே எந்த வகை என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கு கிள்ளித் தண்ணீரில் போட்டு, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்ப்பார். ஊகித்து எறிந்த ஒரு பாட்டில் மொத்தச் சாக்கையும் கெடுத்துவிடும் என்பது அவர் கற்ற முதல் பாடம்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாக்குகளில் ஒன்றிலிருந்து ஒரு குழந்தைப் பவுடர் டப்பா உருண்டு விழுந்தது. இலங்கைச் சரக்கு. அங்கே கடைக்கு வரும் சாமான்களில் பெரும்பாலானவற்றின் மேல் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் என்று மூன்று எழுத்திலும் ஒரே விஷயத்தை அச்சிட்டிருப்பார்கள். மூன்று மாதமாகச் சோப்பு உறை, தயிர்க் கிண்ணம், சோடா பாட்டில் என்று பார்த்துப் பார்த்து, மேல் வரியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சுழி, கீழே தமிழில் ‘பால்’ என்று இருக்கும் இடத்தில் மட்டும் வருவதை மெஹருன்னிசா கண்டுகொண்டார். அப்படியே தண்ணீர். அப்படியே உப்பு. ஒரு நோட்டு வாங்கி, லேபிளை ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் அந்தச் சுழியை எழுதிப் பார்த்தார்.

“பத்தாங் கிளாஸ் பெயிலு நானு. அன்னைக்குத்தான் பாஸான மாதிரி இருந்துச்சு.”

எழுத்து கிடைத்தது, சத்தம் கிடைக்கவில்லை. அதற்கு ரேடியோ இருந்தது. மண்டபத்தில் மதுரை எடுக்காத நாளிலும் அக்கரை ஸ்டேஷன் கணீரென்று எடுக்கும். சோப்பு விளம்பரம் பாடும்போது அதே சோப்பின் உறையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பாட்டின் எந்த இடம் உறையின் எந்த இடம் என்று விரல் வைத்துப் பார்ப்பார். தண்ணீர் ‘வத்துர’. பால் ‘கிரி’. உப்பு ‘லுணு’. மருந்து ‘பெஹெத்’. இன்று நோட்டுகள் பதினான்கு ஆகிவிட்டன. சாப்பாட்டுச் சாமானுக்கு ஐந்து, சோப்பு வகைக்கு மூன்று, மருந்துக்கு ஆறு. கடல் மருந்தைத்தான் அதிகம் கொண்டுவருகிறது என்கிறார்.

ஏன் இந்த மொழி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்தி படித்திருந்தால் ராமேஸ்வரத்துக்கு வரும் யாத்திரைக்காரர்களிடம் பேசி ஒரு கடை போட்டிருக்கலாம். கணவர் பதினோரு வருஷமாக தம்மாமில் இருக்கிறார். அரபு பேச்சை அவரிடமே கற்றிருக்கலாம். அவரும் சொல்லிக் கொடுக்க முன்வந்தார். மெஹருன்னிசாவுக்கு அதில் மனம் ஓடவில்லை.

“இழுக்கணும்ல? சில பேருக்குப் புளியங்காயக் கண்டா நாக்கு ஊறும். எனக்கு இந்தச் சுழிப்பக் கண்டா கண்ணு ஊறுது. வேற என்னத்தச் சொல்ல?”

இப்போது பர்மா எழுத்தும் இழுக்க ஆரம்பித்திருக்கிறது. மார்கழி, தையில் வரும் பாட்டில்களில் முழு வட்டமும் அரை வட்டமுமாக இருக்கும் எழுத்து. அதற்குக் கீழே தமிழ் இல்லை. மூன்று வருஷமாக ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இருந்தாலும் பதினைந்தாவது நோட்டு தொடங்கியாகிவிட்டது. அதில் லேபிள் இருக்கிறது, பக்கத்தில் எழுதிப் பார்த்த வட்டங்கள் இருக்கின்றன, அர்த்தத்துக்கு விட்ட இடம் காலி.

ஊருக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு இருக்கவில்லை. படகு போய்த் திரும்பாத வீடுகள் நிறைந்த கரையில் அந்த மொழியை ஒருத்தி ஆசைப்பட்டுப் படிக்கிறாள் என்றால் திகைப்பாகத்தானே இருக்கும். மீன் ஏலக் கொட்டகையில் ஒருவர் மூஞ்சிக்கு நேரே கேட்டார். “எங்க ஆளுகள அங்கன புடிச்சு வச்சிருக்கான். நீ அவன் பாட்டுக்குத் தாளம் போடுறியாக்கும்?” மெஹருன்னிசா தன் கொட்டகைக்குத் திரும்பினார். ரேடியோவின் சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்.

எல்லோரையும்விட அதிர்ந்தவர் துர்காதேவி. அகதிகள் முகாமிலிருந்து பழைய பாத்திரம் போட வந்தவர். கொட்டகைக்குள் மெஹருன்னிசா ஒரு தைல டப்பாவை உரக்கப் படித்துக்கொண்டிருக்க, வாசலிலேயே பாத்திரங்களைக் கீழே போட்டுவிட்டு நின்றுவிட்டார்.

“எனக்கு உந்தச் சத்தம் கேட்டாலே கால் நடுங்குமக்கா. நீங்கள் என்னெண்டா பாட்டு மாதிரி வாசிக்கிறியள்” என்றார்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு நாள் தானாகவே வந்து உட்கார்ந்து, கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் பழகிய கையெழுத்துச் சிங்களத்தை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அச்சு எழுத்து வேறு, கை எழுத்து வேறு என்று அன்றுதான் மெஹருன்னிசாவுக்குத் தெரிந்தது. துர்காதேவி ஊர் திரும்பும் வரை, ஏழு வருஷம், வாரத்துக்கு ஒரு தாள். அந்தத் தாள்களும் மருந்து நோட்டுக்குள் செருகியிருக்கின்றன.

ஆனாலும் மெஹருன்னிசா கற்றது லேபிள் பேசுகிற சிங்களம்தான். “எப்படி இருக்கிறீர்கள்” என்று எழுதச் சொன்னால் திணறுவார். “குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்”, “முத்திரை உடைந்திருந்தால் பயன்படுத்த வேண்டாம்”, “ஒவ்வாமை ஏற்பட்டால் உடனே நிறுத்தவும்” என்பதெல்லாம் தடுமாறாமல் வரும். ஒருவரையும் இதுவரை சிங்களத்தில் நலம் விசாரித்ததில்லை.

“ஆள்கிட்ட பேசுனதே இல்ல. டப்பாகிட்டதான் பேசிருக்கேன்” என்று சிரிக்கிறார்.

இந்த நோட்டுகளைப் பற்றி எழுதத்தான் நான் அங்கே போனேன். ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை. காலை பத்தரை மணி இருக்கும். மூன்றாவது நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது வீரலட்சுமி கொட்டகைக்குள் வந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய தம்பி, கையில் போனோடு.

வீரலட்சுமியின் கணவர் பாண்டித்துரை விசைப்படகுத் தொழிலாளி. ஒன்பது நாளைக்கு முன்னால் அவர் போன படகின் எஞ்சின் நடுக்கடலில் நின்று, நீரோட்டம் இழுத்து, எல்லை தாண்டி ஒதுங்கிவிட்டது. ஐந்து பேரும் அக்கரையில் காவலில் இருந்தார்கள். மண்டபத்தில் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சேதி.

“ராத்தா, அக்கரையில இருந்து இந்தப் போனுக்கு வந்திருக்கு. இதுல கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்றாரு படகு முதலாளி. என்ன ஏதுன்னு தெரியாம எப்படிப் போடுறது? ஒருக்கப் படிச்சுச் சொல்லுங்களேன்.”

“கேமராவ வச்சுத் தமிழ்ல மாத்திப் பாத்தோம் ராத்தா” என்றார் தம்பி. “ ‘வயல் கோபம் இல்லை, தங்கை கதவு’ங்குது. கையால எழுதுனது அதுக்குப் புரியலபோல.”

மெஹருன்னிசா இரண்டு கைகளையும் வாளியில் கழுவி, சேலை முந்தானையில் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். போனில் சிங்களத்தில் கையால் எழுதிய ஒரு தாளின் படமும் ஒரு குரல் பதிவும் இருந்தன. முதலில் குரலைக் கேட்டார். ஆண் குரல், அவசரக் குரல். மறுபடியும் கேட்டார். மூன்றாவது முறை கேட்டு முடித்ததும் போனை மடியில் வைத்துக்கொண்டு வீரலட்சுமியைப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரி ஆளு ஒருத்தரு பேசுறாரு. ரெண்டு மணிக்கு ஆபரேசனாம். வார்டுக்குள்ள போன எடுத்துப் பேச முடியாதாம். கையெழுத்துப் போட்ட தாளப் படம் புடிச்சு இதே நம்பருக்கு அனுப்பணும், ஒரு மணிக்குள்ள வந்து பாப்பாராம்.”

“ஆபரேசனா?” வீரலட்சுமி தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். “வயித்து வலி, ஊசி போட்டுச் சரியாப் போச்சுன்னாரே முதலாளி!”

மெஹருன்னிசா படத்தைப் பெரிதாக்கினார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. சாரம் சொல்ல மாட்டார். மேலேயிருந்து கீழே, ஒரு வரி விடாமல் படிப்பார். கட்டில் எண் பதினேழு என்றார். அடுத்த வரியில் விரல் நின்றது.

“மாரிச்செல்வம். யாரு அது?”

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “நாந்தான் ராத்தா” என்றார்.

மெஹருன்னிசா போனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார். “யா அல்லாஹ். நீ இங்கன நிக்கிற. இதுல நீ படுத்திருக்க.”

மாரிச்செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடலுக்குப் போக டோக்கன் வாங்கும்போது யார் யார் போகிறார்கள் என்று மீனவர் அடையாள அட்டை எண்ணோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவர் பெயர் எழுதியாகிவிட்டது. விடிந்தால் மகளுக்குச் சடங்கு வீடு. ஆள் குறைந்தால் படகு போகாது. அக்கா புருஷன் அவருடைய அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார். இந்தக் கரையில் இது புதிதில்லை. அண்ணன் அட்டையில் தம்பி போவான், மச்சான் அட்டையில் மச்சான் போவான். சாயங்காலம் போய்க் காலையில் வந்துவிடும் படகு. அட்டையும் வந்துவிடும்.

“இது எனக்குத் தெரியும் ராத்தா” என்றார் வீரலட்சுமி. “பேரு மாறுனத வெளிய சொல்லாதீங்க, எல்லாருக்கும் சிக்கலாயிரும்னு முதலாளி சொன்னாரு. இன்னைக்குக்கூட, ‘நீ மாரிச்செல்வத்துக்கு அக்காதான, அக்கான்னே கையெழுத்துப் போடு, அது பொய்யில்லையே’ன்னாரு. சரி, மேல படிங்க.”

வயது முப்பத்து நான்கு என்று இருந்தது. பாண்டித்துரைக்கு நாற்பத்தொன்று. குடல்வால் வெடித்திருக்கிறது, உள்ளே சீழ் பரவியிருக்கிறது என்பதைப் படிக்க அதிக நேரம் ஆயிற்று. ஒரு சொல் தெரியவில்லை. ஊகிக்காமல் பதினோராவது நோட்டைப் பிரித்து, ஒரு களிம்பு டப்பாவின் உறையில் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்து, ‘சீழ்’ என்று உறுதி செய்துகொண்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். நோயாளிக்குக் கடுமையான காய்ச்சல், தெளிவாகப் பேசும் நிலையில் இல்லை, ஆகவே விவரங்கள் குடும்பத்தாரிடம் கேட்கப்பட்டன.

பிறகு அந்த வரி வந்தது. அதில் ஒரு சொல்லும் அவருக்குப் புதிதில்லை.

“அசாத்மிகதா, நெத” என்று முதலில் சிங்களத்திலேயே படித்தார். “எந்த மருந்தும் ஒவ்வாமை இல்லைன்னு போட்ருக்கு. குடும்பத்தார் போன்ல சொன்னதுன்னு பக்கத்துல எழுதிருக்கு.”

வீரலட்சுமியின் கை வாய்க்குப் போயிற்று.

“யாரு சொன்னது? அவருக்கு ஆகாதே! திருக்க மீனு முள்ளு குத்துனப்ப ராம்நாட்டுல ஊசி போட்டு மூஞ்சி வீங்கி, கண்ணு மூடி, மூச்சே நின்னுபோச்சே! இனிமே இந்த மருந்து ஆயுசுக்கும் தொடக்கூடாதுன்னு செவப்பு மையில எழுதிக் குடுத்தாகளே! யாரு சொன்னது இல்லைன்னு?”

மாரிச்செல்வம் பக்கத்திலிருந்த சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“நாந்தாங்க்கா சொன்னேன்.”

அப்போதுதான் குருநாதனின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. படகின் முதலாளி அவர். கையெழுத்துத் தாள் வராததால் வீட்டுக்குப் போய், அங்கே ஆளில்லாமல் இங்கே வந்திருக்கிறார். வீரலட்சுமி அவரை உட்காரக்கூட விடவில்லை.

“ஏண்ணே, ஆஸ்பத்திரியில இருந்து கேட்டாகளா ஒங்கள?”

“முந்தாநாள் ஒரு பொம்பளப்புள்ள தமிழ்ல பேசுச்சு. மாரிச்செல்வத்துக்குச் சீனி இருக்கா, பிரஷர் இருக்கா, ஊசி மருந்து எதும் சேராதான்னு கேட்டுச்சு. ஜெயில்ல எழுதி வச்சுக்கிற கணக்குன்னு நெனச்சேன். மாரிச்செல்வத்தப் பத்திக் கேக்குறாகளேன்னு மாரிச்செல்வத்துக்கே போன் போட்டுக் கேட்டேன். அவன் சொன்னத அப்படியே சொன்னேன்.”

“எனக்கு எல்லா ஊசியும் சேரும்னு சொன்னேங்க்கா” என்றார் மாரிச்செல்வம். “என்னையக் கேட்டாரு. எனக்கு உள்ளதச் சொன்னேன்.”

குருநாதன் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்கு எட்டுவதற்குச் சற்று நேரம் பிடித்தது. எட்டியதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்டவர்களும் பொய் சொல்லவில்லை, சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை. உண்மை முழுக்க வேறொருவன் உடம்பைப் பற்றியதாக இருந்தது.

மெஹருன்னிசா குரல் பதிவு வந்த எண்ணுக்கு அழைத்தார். அடித்து நின்றது. மறுபடியும் அழைத்தார். எடுத்தால் வாயில் வார்த்தை வருமா என்று அவருக்கே தெரியாது. எடுக்கவில்லை.

“ஏலே, ஓடு” என்றார் வீரலட்சுமி தம்பியிடம். “ரேசன் கார்டு கவருக்குள்ள அந்தச் செவப்பு மை சீட்டு இருக்கு. எடுத்தா.”

மாரிச்செல்வம் ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் மெஹருன்னிசா கோடு போடாத ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பலகை மேல் வைத்து, நாலு பக்கமும் மூடிகளை வைத்து அழுத்தியிருந்தார். சீட்டு வந்ததும் மருந்தின் பெயரை இங்கிலீஷில் உள்ளபடியே எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினார். அதற்குக் கீழே சிங்களம். முதல் தாளில் ஒரு சுழி நெளிந்துவிட்டது, கிழித்துப் போட்டார். இரண்டாவது தாளில் சொல் சரியாக இருந்தும் அவருக்குத் திருப்தி இல்லை.

“வேகமா எழுதுங்க ராத்தா, மணி பதினொன்னரை” என்றார் குருநாதன்.

“தப்பா எழுதி வேகமாப் போயி என்னண்ணே ஆகப் போகுது?”

மூன்றாவது தாளில் இரண்டு வரி முடிந்ததும் குருநாதன் குனிந்து மெதுவாகச் சொன்னார். “ஊசி விசயம் மட்டும் எழுதுங்க. பேரு மாறுனது வேணாம். வெள்ளிக்கிழமை கோர்ட்டு. அஞ்சு பேரையும் விட்ருவாகன்னு வக்கீலு சொல்லிருக்காரு. இப்பப் போயி ஆளே வேறன்னா, மத்த நாலு பேரும் சேந்து மாட்டிக்கிருவாக. அவுகளுக்கும் வீடு வாச இல்லையா? எம் படகுக்கு டோக்கன் போனாப் போகட்டும், நான் அதச் சொல்லல.”

அதையும்தான் சொன்னார். ஆனால் நாலு பேரைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை.

மெஹருன்னிசா பேனாவை நிறுத்தினார். “குருநாதன்ணே, அவுக கையில முன்னமே ஒரு பேப்பரு இருக்கு. ஒண்ணுமில்லைன்னு குடும்பமே சொன்னதா அதுல எழுதிருக்கு. இன்னைக்கு நான் இருக்குங்குறேன். எத நம்புவாக? முந்தாநாளு ஏன் இல்லைன்னோம்னு சொன்னாத்தான இன்னைக்கு இருக்குங்குறத நம்புவாக? ரெண்டு லேபிளு ஒட்டுன பாட்டில நானே வாங்க மாட்டேன்.”

மெஹருன்னிசா வீரலட்சுமியின் பக்கம் திரும்பினார்.

“தாயி, நான் படிச்சுத்தான் சொல்லுவேன். முடிவு ஒன்னோடது. பேர எழுதவா, வேணாமா?”

வீரலட்சுமி வாசலுக்கு வெளியே பார்த்தார். அந்தத் தெருவில்தான் மற்ற நாலு பேரில் இரண்டு பேரின் வீடு.

“அவுக வீட்டுப் பொம்பளைக எங்கிட்ட வந்து கேக்கட்டும். நான் நின்னு பதில் சொல்லிக்கிறேன். எழுதுங்க ராத்தா.”

“அக்கா போடுற கையெழுத்து பத்தாது” என்றார் மாரிச்செல்வம் சாக்கிலிருந்து எழுந்து. “நானே எழுதிக் குடுக்குறதா எழுதுங்க. அட்டை என்னோடது. குடுத்தவன் நானு. என்ன வந்தாலும் எனக்கு வரட்டும்.”

“ஏலே, போலீஸு கேசாகிரும்லே” என்றார் குருநாதன்.

“ஆகட்டும் முதலாளி. எம் பேருல அவரு சாகக் கூடாதுல்ல?”

பேனா போய்க்கொண்டிருந்தது. கடலில் ஒதுங்கிய காகிதங்களைப் பார்த்துப் பழகிய கை. ஒவ்வொரு சுழியையும் தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து முடித்தது. இதற்கு முன் இந்த மொழியில் அவர் யாருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. நோட்டில் எழுதியதெல்லாம் தனக்காக எழுதியது. எழுதும்போதே நெற்றியில் வேர்வை அரும்பி, மூக்கு நுனிக்கு வந்தது. தாளில் சொட்டுவதற்கு முன் தோளில் துடைத்துக்கொண்டார். இரண்டு இடத்தில் பேனாவைத் தூக்கி, மருந்து நோட்டைப் பிரித்துச் சரிபார்த்தார். இரண்டு இடத்திலும் அவர் முதலில் நினைத்ததே சரியாக இருந்தது.

முடித்ததும் தமிழில் படித்துக் காட்டினார். எங்கேயும் நயமில்லை, வணக்கம்கூட இல்லை.

“எச்சரிக்கை. பதினேழாம் கட்டில் நோயாளிக்கு இந்த மருந்தைக் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் மூச்சு நிற்கும். முன்பு ஒருமுறை நின்றது. மருத்துவர் எழுதிய சீட்டும் இதனுடன் உள்ளது. முன்பு இல்லை என்று சொன்னது தவறு. நான் மாரிச்செல்வம். நான் உயிரோடு இந்தியாவில் இருக்கிறேன். அங்கே இருப்பவர் மாரிச்செல்வம் இல்லை. அவர் பெயர் பாண்டித்துரை. வயது நாற்பத்தொன்று. என் அக்காவின் கணவர். என் அட்டையை நான் கொடுத்தேன். முன்பு சொன்ன விவரம் என் உடம்பைப் பற்றியது. அதைப் பயன்படுத்த வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு அவர் மனைவி சம்மதிக்கிறார்.”

“டப்பாவுல எழுதுன மாதிரி இருக்குல்ல?” என்று ஒரு நொடி தயங்கினார். “எனக்கு இப்படித்தான் வரும்.”

“போதும் ராத்தா” என்றார் வீரலட்சுமி. “இதவிட எப்படிச் சொல்றது?”

மாரிச்செல்வம் கையெழுத்துப் போட்டார். தன் பெயரை அவ்வளவு மெதுவாக அவர் இதுவரை எழுதியிருக்க மாட்டார். அதற்குக் கீழே வீரலட்சுமியும் போட்டார். மெஹருன்னிசா தாளை எடுத்து, மை காய ஊதி, வெளிச்சத்தில் பிடித்து, மேலேயிருந்து கீழே மறுபடியும் உதடு அசையப் படித்தார்.

மணி பன்னிரண்டு பத்து.

“குடுங்க, நானே அனுப்புறேன். எங்கிட்ட நெட்டு நல்லாருக்கு” என்று குருநாதன் கையை நீட்டினார்.

நீட்டிய கைக்கு மேலாகத் தாள் போயிற்று. மெஹருன்னிசா அதன் இரண்டு முனைகளையும் இரண்டு கைகளாலும் பிடித்து, மடங்காமல், எழுத்து வீரலட்சுமியின் பக்கம் பார்க்கும்படி திருப்பி, “நீயே படம் புடிச்சு அனுப்பு தாயி” என்று அவரிடம் கொடுத்தார்.